திறக்குது, ஆனா மூட மாட்டேங்குது: தூத்துக்குடி வீடுகளில் ஆட்டோமேட்டிக் கேட் சென்சார் அடம்பிடிப்பது ஏன்?

ரிமோட்டை அழுத்தினால் கேட் நன்றாகத் திறக்கிறது. காரை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் அசைய மறுக்கிறது. அல்லது பாதி தூரம் வந்துவிட்டு, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் திரும்பிப் போகிறது. ரிமோட் பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார்கள். மோட்டாரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் போன் போகிறது. வருகிறவர் தூணில் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "சென்சார் போச்சு அண்ணாச்சி. இப்போதைக்கு ஷார்ட் பண்ணி விட்டுருதேன், கேட் ஓடிரும்."

கேட் ஓடும்தான். ஆனால் அந்த ஐந்து நிமிட வேலைக்குப் பிறகு அந்த கேட்டுக்குக் கண் கிடையாது. குறுக்கே யாரும் இல்லாவிட்டாலும் மூடும், நாலு வயதுப் பிள்ளை நின்றாலும் மூடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், "போச்சு" என்று கழற்றப்படும் சென்சார்களில் நிறைய உண்மையில் பழுதானவை அல்ல. கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும், ஒயர் பச்சை பூத்திருக்கும், அல்லது பெட்டி ஒரு விரல்கடை திரும்பியிருக்கும். இதையெல்லாம் மோட்டாரைத் திறக்காமல், வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

கேரேஜ் கதவு இல்லாத ஊரில் கேரேஜ் சென்சாரா?

அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்தும் கேரேஜுக்கு மேல்நோக்கிச் சுருண்டு போகும் கதவு இருக்கும். நம் ஊரில் அது அபூர்வம். இங்கே இருப்பவை பிரையண்ட் நகர், மில்லர்புரம் பக்கப் புது வீடுகளில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்லைடிங் கேட், இரண்டு கதவாக விரியும் ஸ்விங் கேட், கடைகளிலும் குடோன்களிலும் மோட்டார் வைத்த ரோலிங் ஷட்டர். உருவம் வேறு, ஆனால் பாதுகாப்புக்கு வைக்கும் கண் ஒன்றேதான். கேட் ஆட்கள் அதை 'போட்டோசெல்' என்பார்கள்.

வாசலின் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு பெட்டிகள். ஒன்று அனுப்புவது, டிரான்ஸ்மிட்டர். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிக்கொண்டே இருக்கும். டிவி ரிமோட்டின் மூக்கில் இருக்கும் அதே வகை ஒளி. எதிரே இருப்பது வாங்குவது, ரிசீவர். ஒளி வந்து சேரும்வரை அது கண்ட்ரோல் போர்டுக்கு "வழி காலி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஆளோ நாயோ பைக்கோ வந்தால் ஒளி தடைபடும், "வழி காலி" நின்றுபோகும், மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று பின்வாங்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. குறுக்கே ஆள் வந்தால் "ஆள் இருக்கு" என்று கத்தும்படி இதை வடிவமைக்கவில்லை. "ஆள் இல்லை" என்ற உறுதி வந்துகொண்டே இருந்தால்தான் மூடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே ஒயர் அறுந்தாலும், கண்ணாடி மங்கினாலும், பெட்டிக்கு கரண்ட் போகாவிட்டாலும், கேட்டைப் பொறுத்தவரை குறுக்கே ஒருவர் நிற்கிறார் என்றே அர்த்தம். திறப்பதற்கு இந்த உறுதி தேவையில்லை என்று பெரும்பாலான கேட்களில் அமைத்திருப்பார்கள். அதனால்தான் திறக்கிறது, மூட மட்டும் மாட்டேன் என்கிறது. அடம்பிடிப்பதாகத் தெரிவது, அது தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளம்.

இந்தக் கண் எப்படி வந்தது?

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, 1982 மார்ச்சுக்குப் பிந்தைய ஆண்டுகளில் 2 முதல் 14 வயதுக்குட்பட்ட சுமார் 60 குழந்தைகள் ஆட்டோமேட்டிக் கேரேஜ் கதவின் அடியில் சிக்கி இறந்தார்கள். சராசரியாக ஆண்டுக்கு நாலு பேர். அந்தக் காலக் கதவுகளிலும் ஒரு பாதுகாப்பு இருந்தது: எதிலாவது முட்டினால் திரும்ப வேண்டும். ஆனால் முட்டிய பிறகுதான் அதற்குத் தெரியும். சில நேரம் முட்டிய பிறகும் திரும்பவில்லை. 1990-இல் அங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1-க்குப் பிறகு தயாராகும் வீட்டு கேரேஜ் ஓப்பனர்களில், தொடும் முன்பே உணரும் ஒளிக்கண் போன்ற கூடுதல் ஏற்பாடு கட்டாயமானது. தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் அதை வைக்கக் கூடாது என்பதும் அதனுடன் வந்த விதி. தவழும் குழந்தையின் உயரம்தான் கணக்கு.

பிரிட்டனில் 2010 கோடையில், ஒரு வாரத்துக்குள், இரண்டு வெவ்வேறு ஊர்களில் 5 வயதுச் சிறுமியும் 6 வயதுச் சிறுமியும் மின்சார கேட்டில் நசுங்கி இறந்தார்கள். கேட்டில் நெருக்கக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் சோதிக்கும்படி அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பியத் தரநிலை இஎன் 12453, மூடும் கேட்டின் முனை ஒருவரை நெருக்கும் விசைக்கு 400 நியூட்டன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 40 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். இதுவே பெரிய அழுத்தம்தான். விசையைச் சரியாக செட் செய்யாத கேட் இதைவிடப் பல மடங்கு அழுத்தும்.

நம் ஊரில் கொட்டேஷன் வாங்கினால் போட்டோசெல் பெரும்பாலும் தனி வரியாக, தனி விலையோடு வரும். "இது வேணுமா சார்?" என்று கேட்பார்கள். மோட்டார் விலையில் அது சின்னப் பங்குதான். பேரம் பேசிக் குறைப்பதற்கு வேறு எத்தனையோ ஐட்டங்கள் இருக்கின்றன.

உப்புக் காற்று என்ன செய்கிறது?

தூத்துக்குடியில் சைக்கிள் செயின் முதல் ஏசி அவுட்டோர் யூனிட் வரை எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருபக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் வேம்பார் வரைக்கும் தெற்கே முள்ளக்காடு வரைக்கும் உப்பளங்கள். சென்சார் விஷயத்தில் துருவைவிட முக்கியமான எதிரி ஒன்று உண்டு. கண்ணாடியில் படியும் உப்புப் படலம்.

உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். ஈரப்பதம் 33 சதவீதம் அளவில் இருந்தாலே நனைந்துவிடும். சமையலறையில் திறந்து வைத்த கல் உப்பு நீர்விடுவதும் இதனால்தான். கடற்கரை ஊரில் இரவிலும் விடியற்காலையிலும் காற்று ஈரமாக இருக்கும். கண்ணாடி மேல் இருக்கும் உப்புப் பொடி அப்போது பிசுபிசுப்பான நீராக மாறி, ஒளியைச் சிதறடிக்கும். பத்து மணி வெயிலில் காய்ந்து மறுபடி பொடியாகிவிடும். ஒளி ஓரளவு போகும். கேட் வேலை செய்யும். டெக்னீஷியன் பதினோரு மணிக்கு வருவார். "நல்லாத்தானே இருக்கு?" என்பார்.

கடல் மட்டும் காரணமில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று புழுதியைக் கொண்டுவந்து இதே பிசுபிசுப்பில் ஒட்டவைக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தினமும் காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர். பல தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் சென்சார் கண்ணாடியில் அது தினம் ஒரு கைத் தெறிக்கிறது. அடுத்து கோலம். பச்சரிசி மாவில் போட்டால் எறும்பு வரும். வந்த எறும்பு, இதமான சூட்டோடு இருக்கும் சென்சார் பெட்டிக்குள் குடியேறும். கோலத்தை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. சென்சார் பெட்டியின் ஒயர் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதலில் கேட்க வேண்டியது: எத்தனை மணிக்கு?

எந்தச் சாமானையும் எடுப்பதற்கு முன் ஒரு வாரம் போனில் குறித்து வைக்கலாம்: கேட் எப்போது மூட மறுக்கிறது? பாதி விடை அதிலேயே இருக்கும்.

விடியற்காலையில் மட்டும், அதுவும் பனி, ஈரம் உள்ள நாட்களில் என்றால், உப்புப் படலம். காற்று அடிக்கும் சாயங்காலங்களில் மட்டும் என்றால் பெரும்பாலும் செம்பருத்திக் கிளையோ, கொடியில் காயும் துணியோ குறுக்கே ஆடுகிறது. மழை பெய்த மறுநாள் என்றால் ஒயர் இணைப்பில் தண்ணீர். கரண்ட் போய் வந்த பிறகு என்றால் சென்சாரைவிட போர்டையும் அதன் ஃபியூஸையும் சந்தேகிக்கலாம். எப்போதுமே மூடவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கலாம், பெட்டி திரும்பியிருக்கலாம், அல்லது சென்சார் உண்மையிலேயே போயிருக்கலாம்.

சூரியன் உதித்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்றால் அது தனிக் கதை. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. கிழக்கே கடல், மறைக்க மலையோ மரமோ கிடையாது. உதித்த உடனே வெயில் தரைமட்டத்தில் நேராக வரும். அது ரிசீவரின் கண்ணுக்குள் விழுந்தால், எதிரே ஹெட்லைட் போட்டு வரும் லாரியைப் பார்க்கும் நம் கண்போல் ரிசீவர் கூசிப்போகும். கிழக்குப் பார்த்த வீட்டில்தான் இது நடக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அங்கே ஒளிக்கோடு வாசலுக்குக் குறுக்கே, அதாவது வடக்கு தெற்காக ஓடுகிறது. சிக்கல் வடக்கு அல்லது தெற்குப் பார்த்த வீடுகளில். அங்கேதான் மேற்குத் தூணில் இருக்கும் ரிசீவர் நேர் கிழக்கே பார்த்து நிற்கும். சூரியன் உதிக்கும் இடம் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பதால், இந்தக் கோளாறு சில வாரம் வந்து, ஆள் வருவதற்குள் தானே சரியாகிவிடும்.

உறுதி செய்வது சுலபம். அந்த நேரத்தில், ஒளிக்கோட்டை மறைக்காமல், ரிசீவர் மேல் விழும் வெயிலை மட்டும் ஒரு அட்டையால் மறைக்க வேண்டும். கேட் மூடினால் குற்றவாளி சூரியன். ரிசீவருக்கு மேல் இரண்டு அங்குலம் நீளும் சின்னக் கூரை வைக்கலாம். போதாவிட்டால் டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இடம் மாற்றச் சொல்லலாம். மாற்றினால் ரிசீவர் மேற்கே பார்க்கும். சாயங்கால வெயிலை எதிர்வீடு மறைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

விளக்கும் 'டிக்' சத்தமும்

அடுத்தது பெட்டிகளில் இருக்கும் குட்டி எல்இடி விளக்குகள். இவற்றின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் ஒளி சேர்ந்தால் எரியும், சிலவற்றில் தடைபட்டால் எரியும். கேட் நன்றாக வேலை செய்யும் ஒரு நாளில் இரண்டு பெட்டிகளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது மேனுவலைத் தேடுவதைவிட லாபம்.

இரண்டு பெட்டியிலும் விளக்கே இல்லை என்றால் சென்சாருக்கு கரண்ட் வரவில்லை. போர்டில் இருந்து இவற்றுக்குப் போகும் 12 அல்லது 24 வோல்ட் லைனின் ஃபியூஸ் போயிருக்கலாம். ஒன்றில் மட்டும் இல்லை என்றால் அந்தப் பெட்டிக்கு வரும் ஒயரைப் பார்க்க வேண்டும். ரிசீவர் விளக்கு மினுக்மினுக்கென்று துடித்தால் ஒளி அரைகுறையாக வருகிறது: அழுக்கு, அல்லது கோணம்.

கருவி எதுவும் தேவைப்படாத இன்னொரு சோதனை இருக்கிறது. கேட் நின்றிருக்கும்போது, சத்தமில்லாத நேரத்தில், ரிசீவர் அருகே காதை வைத்து, இன்னொருவரை ஒளிக்கோட்டில் ஒரு அட்டையைக் குறுக்கே நீட்டி எடுக்கச் சொல்லுங்கள். பல ரிசீவர்களில் உள்ளே ரிலே மாறும் 'டிக்' சத்தம் கேட்கும். டிக் கேட்டால் இரண்டு கண்ணும் உயிரோடு இருக்கின்றன. ரிசீவரில் இருந்து போர்டுக்குப் போகும் ஒயரில்தான் தேட வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் ஒளி விடுகிறதா என்று பார்க்க கையில் இருக்கும் ஸ்மார்ட்போனே போதும். பல போன்களில் செல்ஃபி கேமரா அகச்சிவப்பை லேசான ஊதா அல்லது வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். முதலில் டிவி ரிமோட்டை கேமராவைப் பார்த்து அழுத்திச் சோதிக்க வேண்டும். அது தெரிந்தால்தான் அந்த போன் இந்த வேலைக்கு ஆகும். ரிமோட் தெரிந்து, டிரான்ஸ்மிட்டர் தெரியாவிட்டாலும் உடனே தூக்கிப்போட வேண்டாம். சில சென்சார்களின் ஒளி மிகவும் மங்கலாகத்தான் தெரியும். இருட்டிய பிறகு இன்னொரு முறை பார்க்கலாம்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது

கைக்கு வந்த துணியால் வரட்டுத் தேய் தேய்ப்பதுதான் வழக்கம். உப்புப் பொடி மணல்போல; பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் விழும். கீறல் விழுந்த கண்ணாடியில் அடுத்த முறை உப்பு இன்னும் நன்றாகப் பிடிக்கும். குடிக்கும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றி எடுத்து, உப்பு கரைந்த பிறகு மெதுவாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் கூடவே கூடாது. கண்ணாடியைப் பால்போல் வெளுக்க வைத்துவிடும். கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் மாதம் இரண்டு முறை துடைப்பது ஒன்றும் அதிகமில்லை. ஒரு நிமிட வேலை.

துடைத்தும் விளக்கு துடித்தால் கோணத்தைப் பார்க்க வேண்டும். பைக் ஹேண்டில் இடித்தது, பந்து பட்டது, தண்டவாளத்தில் கல் ஏறி கேட் அதிர்ந்தது என்று பெட்டி திரும்ப ஆயிரம் காரணம். ஒரு பெட்டியின் நடுவிலிருந்து எதிர்ப் பெட்டியின் நடுவுக்கு நூல் பிடித்தால் உயர வித்தியாசம் உடனே தெரியும். திருகாணியை லேசாகத் தளர்த்தி, ஒரு பெட்டியை மட்டும், மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். விளக்கு நிலைத்ததும் அப்படியே பிடித்து இறுக்க வேண்டும். இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் தொட்டால் அந்த நாள் அதிலேயே போய்விடும்.

பச்சை பூத்த ஒயர்

கடலோரத்தில் அதிகம் ஏமாற்றுவது ஒயர்தான். வெளியே ரப்பர் உறை புதுசுபோல் இருக்கும்; உள்ளே செம்புக் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். உப்பு ஈரம் கம்பி இழைகளின் நடுவே உறிஞ்சப்பட்டு உள்ளே ஊர்ந்துகொண்டே போகும். நுனியை மட்டும் சுரண்டி மறுபடி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினால் ஒரு மழைக்குத்தான் தாங்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிப் பின்னால் போக வேண்டும். நீளம் பற்றாவிட்டால் புது ஒயர். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதுவே இந்த ஊருக்கு ஏற்றது. படகு வேலைக்கும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

ஒயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சிலிகான் பூசும்போது இரண்டு விஷயம். பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அதை அடைக்கக் கூடாது. புளிக்காடி வாசம் வரும் சிலிகான் வேண்டாம். அதில் வெளியாகும் அசிட்டிக் அமிலமே செம்பை அரிக்கும். கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்கலாம்.

இந்த வேலைக்கு முன் கேட் மோட்டாரின் சுவிட்சை, முடிந்தால் எம்சிபியையே, அணைக்க வேண்டும். பேக்கப் பேட்டரி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். இதை மறந்துதான் பலர் ஒயரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கேட் தானாக ஓடுகிறது. சென்சார் லைன் குறைந்த வோல்ட்தான். மோட்டார் மூடிக்குள் 230 வோல்ட் இருக்கிறது; கரண்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டு வேலை மூடிக்கு வெளியேயே நிற்க வேண்டும். ஷட்டரின் ஸ்பிரிங்கும் அப்படியே, கை வைக்கக் கூடாத இடம்.

வெள்ளத்தில் மூழ்கிய கேட் என்றால் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கேட் மோட்டார் இருப்பது தரையிலிருந்து ஓர் அடிக்குள். அப்படி ஒருமுறை மூழ்கியதை, காய்ந்துவிட்டது என்று நம்பி ஆன் செய்யக் கூடாது. எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்வரை கையால் தள்ளுவதுதான் வழி.

'ஷார்ட் பண்ணுவது' என்றால் என்ன?

ரிசீவரில் இருந்து போர்டுக்கு வரும் இரண்டு ஒயர் வழியாகத்தான் "வழி காலி" என்ற செய்தி வருகிறது. ஒளி சேரும்போது அந்த இரண்டும் ரிலேவுக்குள் தொட்டுக்கொண்டிருக்கும். போர்டில் அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால், எப்போதும் வழி காலி என்று போர்டு நம்பிவிடும். அதுதான் ஷார்ட். போட்டோசெல் வாங்காத வீட்டில் மோட்டார் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த வசதி அது. பழுதுக்கு மருந்தாக மாறிப்போனது.

"ரெண்டு நாள்ல புது சென்சார் கொண்டாந்து மாட்டிருதேன்" என்று போகிறவர் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்காரர் போன் போடுவதில்லை. இரண்டு நாள் இரண்டு வருஷமாகிவிடுகிறது. தூணில் பெட்டி இருக்கும், சிலவற்றில் விளக்குகூட எரியும். பார்ப்பவர் எல்லோரும் பாதுகாப்பு இருக்கிறது என்றே நினைப்பார்கள். வீடு கைமாறினால், வாடகைக்கு வந்தவர்களுக்கு, இது தெரியவே வாய்ப்பில்லை. கண்ணே இல்லாத கேட்டின் முன்னால் மனிதர் கொஞ்சம் எச்சரிக்கையாகவாவது நடப்பார். அதனால் இந்த அரைகுறை நிலையே அதிக ஆபத்து.

வேறு வழி உண்டு. பல மோட்டார்களில் பட்டனைக் கையெடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் மட்டும் நகரும் முறைக்கு மாற்றலாம். கேட் கண்ணெதிரே இருக்க, ஒருவர் நின்று அழுத்தி மூட வேண்டும். விரலை எடுத்தால் நின்றுவிடும். இதுகூட வேண்டாம் என்றால் மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளலாம். கார் ஓட்டுகிறவருக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல்தான் அவரைப் புது சென்சாருக்கு போன் போட வைக்கும்.

சரியான சென்சாருக்கும் தெரியாதவை

போட்டோசெல் பார்ப்பது ஒரே ஒரு கோட்டை. அந்தக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ உள்ளதை அது பார்க்காது. ஸ்லைடிங் கேட்டில் பொதுவாக முழங்கால் உயரத்தில் வைப்பார்கள். அடியில் தவழும் குழந்தையும் படுத்திருக்கும் நாயும் தப்பிவிடும். கேட் பின்னால் ஓடிப்போகும் பக்கத்தில், கம்பிக்கும் சுவருக்கும் நடுவே கை மாட்டினாலும் தெரியாது. கேட் மேல் ஏறி நின்று 'ரயில்' விளையாடும் பிள்ளையையும் தெரியாது.

கேட் சாய்வதை எந்தச் சென்சாரும் தடுக்காது. கனமான ஸ்லைடிங் கேட் தண்டவாளத்தை விட்டு விலகிப் பிள்ளைகள் மேல் விழும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. மேலே கேட்டைப் பிடித்திருக்கும் ரோலரும், கடைசியில் நிறுத்தும் ஸ்டாப்பரும் உப்புக் காற்றில் உள்ளுக்குள் அரித்துப்போகும். மேலே பெயின்ட் மட்டும் பளபளப்பாக இருக்கும். சென்சாரைத் துடைக்கும் அன்றே இவற்றை ஒரு தட்டு தட்டி, ஆட்டிப் பார்த்துவிடலாம்.

மாதம் ஒருமுறை இரண்டு சோதனை. கேட் மூடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கம்பால் ஒளிக்கோட்டில் தள்ள வேண்டும். கேட் தொடும் முன்பே நிற்க வேண்டும். காலையோ கையையோ நீட்டிச் சோதிக்கக் கூடாது. மேலிருந்து இறங்கும் கேரேஜ் கதவு உள்ளவர்கள், சுமார் 4 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையைத் தரையில் படுக்க வைத்து மூடிப் பார்க்கலாம். கதவு பலகையைத் தொட்டதும் திரும்ப வேண்டும்.

சோதனையில் தோற்றால், சரியாகும்வரை கேட் மோட்டாரில் ஓடக் கூடாது. மோட்டாரை விடுவிக்க அடியிலோ பக்கத்திலோ ஒரு சாவித்துளை இருக்கும். சாவியைத் திருப்பி லீவரை இழுத்தால் கேட் கையால் நகரும். யாராவது கேட்டில் சிக்கிக்கொண்டாலும், கரண்ட் போயிருந்தாலும், இதைத்தான் தேட வேண்டும். பல வீடுகளில் அந்தச் சாவி, மோட்டார் மாட்டிய அன்றைக்கே வாரண்டி கார்டோடு கவரில் போட்டு பீரோவுக்குள் போயிருக்கும். அதை வெளியே எடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, வீட்டில் இருக்கும் ஆச்சி உட்பட எல்லோரையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்வதற்குப் பத்து நிமிடம் ஆகும்.